ஸ்டீரிங்கைக் கழற்றிவிடலாம், ஏர்பேக்கை எங்கே வாங்குவது?

கடையம், பொட்டல்புதூர், ஆழ்வார்குறிச்சி பக்கம் பத்து வயதைத் தாண்டிய கார்கள் சாதாரணம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ முதல் கையில் ஓடி, திருநெல்வேலியில் இரண்டாம் கை மாறி, கடைசியில் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த வண்டிகள். வெயிலில் நின்று நின்று ஸ்டீரிங்கின் மேல்தோல் பிசுபிசுத்திருக்கும், இல்லையென்றால் உரிந்திருக்கும். ஹார்ன் ஒரு பக்கம் அழுத்தினால் அடிக்கும், மறுபக்கம் அடிக்காது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு எந்நேரமும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ எரிந்துகொண்டிருக்கும். கம்பெனி சர்வீஸ் என்றால் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும், ஒரு நாள் பிழைப்பு போய்விடும். ஆனால் டார்க்ஸ் பிட், ஸ்டீரிங் புல்லர், டார்க் ரெஞ்ச் எல்லாம் இன்றைக்கு இணையத்தில் சொன்னால் கடையத்துக்கே வந்து இறங்குகின்றன. செய்து காட்டும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. பக்கத்தில் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். ஒரு நட்டைக் கழற்ற எதற்குத் திருநெல்வேலி என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரு காரை அல்ல, ஒரு வேலையை: ஸ்டீரிங்கையும் அதற்குள் இருக்கும் ஏர்பேக்கையும் வீட்டு வாசலில் நிறுத்தி நாமே மாற்றுவது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக இரண்டு கட்சி. ஒரு கட்சி, அதில் கை வைத்தால் முகத்தில் வெடித்துவிடும் என்று பயமுறுத்தும். இன்னொரு கட்சி, அரைமணி நேர வேலை, இதற்குப் போய் பயப்படுவதா என்று சிரிக்கும். இரண்டுமே தவறான இடத்தைப் பார்க்கின்றன என்பது என் கட்சி. கழற்றி மாட்டும் வேலை நிதானமான ஒரு கைக்கு அடங்கியதுதான். ஆபத்து நாம் விலை கொடுத்து வாங்கி மாட்டும் பொருளில் இருக்கிறது. அந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்று சோதித்துப் பார்க்க நம்மிடம் வழியே இல்லை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயமும் அலட்சியமும் அளவோடு நிற்கும். ஸ்டீரிங்கின் நடுவே ஹார்ன் அழுத்தும் மூடிக்குப் பின்னால் மடித்து வைத்த நைலான் பை, அதன் அடியில் உலோகக் கூடு. கூட்டுக்குள் வேகமாக எரிந்து வாயுவை உமிழும் ரசாயன வில்லைகள், அவற்றைப் பற்றவைக்க ஒரு சிறு மின்திரி. இந்த உலோகக் கூட்டுக்கு இன்ஃப்ளேட்டர் என்று பெயர். காரின் நடுவில், பெரும்பாலும் கியர் லீவருக்கு அடியில், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. மோதலின் வேகக் குறைவை அளந்து, வெடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அதுதான். முடிவெடுத்ததும் மின்சாரம் திரிக்குப் போகிறது. ஏறத்தாழ 30 மில்லி வினாடியில் பை நிரம்பி நிற்கிறது. கண் ஒரு முறை இமைக்க 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். பை விரியும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை இருக்கும் என்பதால்தான் ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறார்கள். சுருங்கச் சொன்னால், அளவாகக் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வெடியைத்தான் நாம் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். சரக்குப் போக்குவரத்து விதிகளும் ஏர்பேக்கை ஆபத்தான பொருள்களின் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. யூஎன் 3268 என்பது அதன் எண்.

இனி வேலை. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விபத்தில் பேட்டரி நொறுங்கிப் போனாலும் பை வெடிக்க வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் உண்டு. அது வடிந்து தீர்வதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. கம்பெனிக்குக் கம்பெனி 90 வினாடி, மூன்று நிமிடம் என்று மாறும். பத்து நிமிடம் காத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். பிறகு ஸ்டீரிங்கின் இரு பக்கமும் அல்லது பின்புறமும் உள்ள டார்க்ஸ் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் போல்ட்டுக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப், பின்பக்கத் துளை வழியே அழுத்திவிட வேண்டும். ஏர்பேக் மூடியோடு முன்னால் வரும். அதன் மஞ்சள் நிறக் கனெக்டரின் பூட்டை முதலில் தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். கனெக்டர் பிரிந்ததும் அதற்குள் இருக்கும் சிறு உலோகத் தகடு இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துவிடும். தவறி மின்சாரம் பாயாமல் இருக்க அந்த ஏற்பாடு. கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்க்கும்படிதான் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தது வெடித்தால் உலோகக் கூடு மேலே பறக்கும். தூக்கிப் போகும்போது மூடி உடம்பை விட்டு வெளியே பார்க்கட்டும். திரி நன்றாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று மல்டிமீட்டர் முனையை வைப்பதுதான் இதில் மன்னிக்க முடியாத செயல். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே போதுமானதாகிவிடலாம் என்பதால் எல்லா சர்வீஸ் புத்தகங்களும் அதைத் தடை செய்கின்றன.

ஏர்பேக்கை எடுத்தபின் எஞ்சியிருப்பது சாதாரண ஒர்க்‌ஷாப் வேலை. நடு நட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று புரி விட்டுவைத்து, தண்டிலும் ஸ்டீரிங்கிலும் ஒரே நேராகக் கோடு போட்டு, புல்லர் வைத்து இழுக்க வேண்டும். இங்கே சுத்தியலைத் தேடும் கைகள் உண்டு. விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் தானே மடங்கிக் குறையும்படி செய்யப்பட்டது ஸ்டீரிங் தண்டு. அதன் தலையில் அடித்தால், மடங்க வேண்டிய நேரத்துக்கு முன்பே அதன் உட்பாகம் கெட்டுப்போகலாம். திரும்ப மாட்டும்போது நட்டை முறுக்கும் அளவு சிறிய கார்களில் பெரும்பாலும் 30 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் காருக்குரிய சரியான எண்ணை அதன் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். கை அனுபவம் போதும் என்பவர்கள், சக்கர நட்டில் காட்டும் பலத்தையே இங்கும் காட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது வெடிமருந்தில் அல்ல, கிளாக் ஸ்பிரிங்கில். ஸ்டீரிங் சுழன்றுகொண்டே இருக்கும்போது ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் ஆடியோ பட்டன்களுக்கும் இணைப்பு அறுந்துவிடாமல் வைத்திருப்பது அதற்குள் சுருட்டி வைத்த பட்டையான ஒயர். ஸ்டீரிங் இல்லாத நேரத்தில் அது தானாகச் சுழன்று நடுநிலையை இழந்துவிட்டால், மாட்டிய அன்றைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு ஒரு நாள், குறுகிய தெருவில் வண்டியை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது பட்டை இழுபட்டு அறுந்துவிடும். ஹார்ன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் பை வெடிக்குமா என்பது சந்தேகம்தான். கிளாக் ஸ்பிரிங்கை ஒரு பக்கம் முட்டும்வரை மெதுவாகச் சுழற்றி, திருப்பி இரண்டரை, மூன்று சுற்று, அதாவது அந்தந்தக் காருக்கு எழுதியிருக்கும் எண்ணிக்கைப்படி கொண்டுவந்து அம்புக்குறிகளைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. வண்டியில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்தால் ஸ்டீரிங் கோண சென்சாரை ஸ்கேனர் வைத்து மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் வண்டி நேராகப் போகும்போதே திரும்புவதாக அதன் மூளை நினைத்துக்கொண்டிருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும்.

ஆக, உரிந்துபோன ஸ்டீரிங்கை மாற்றி, உங்கள் காரிலேயே முதலிலிருந்து இருந்த ஏர்பேக்கை மறுபடி அதில் மாட்டுவது என்றால், நல்ல கருவியும் அந்தக் காரின் சர்வீஸ் புத்தகமும் பொறுமையும் உள்ளவருக்கு என் மதிப்பீடு தாராளமானது: செய்யலாம். அந்த ஏர்பேக்கின் ஆயுளும் சரித்திரமும் உங்களுக்குத் தெரியும். பழைய ஸ்டீரிங் எதிலிருந்து கழற்றியது என்பதுகூட அவ்வளவு பெரிய விஷயமில்லை. அது ஓர் உலோகச் சட்டம். வளைந்திருக்கிறதா, பிளந்திருக்கிறதா, பற்கள் தேய்ந்திருக்கிறதா என்று கண்ணும் கையும் சொல்லிவிடும். கதை முழுவதும் மாறுவது ஏர்பேக்கை விலைக்கு வாங்கும்போதுதான்.

காரில் வேறு எந்தப் பாகத்தை வாங்கி மாட்டினாலும் அது தன் குணத்தைச் சீக்கிரம் காட்டிவிடும். மட்டமான பிரேக் பேட் கிறீச்சிடும், மட்டமான கிளட்ச் வழுக்கும், மட்டமான பேட்டரி ஒரு காலையில் கையை விரிக்கும். திட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஏர்பேக் தன் வாழ்நாளில் வேலை செய்வது ஒரே ஒரு முறை. தேங்காயைப்போல, உள்ளே அழுகலா இல்லையா என்று உடைத்தால்தான் தெரியும். கட்டுப்பாட்டுப் பெட்டி தினமும் சோதிக்கிறதே என்பார்கள். சாவியைத் திருப்பியதும் அது பார்ப்பது திரியின் மின்தடையை மட்டுமே. திரி முழுசாக இருக்கிறது என்று அது சொல்லும். திரிக்குப் பின்னால் இருப்பது சரியான மருந்தா, அளவு சரியா, உலோகக் கூடு அந்த அழுத்தத்தைத் தாங்குமா, பை நல்ல துணியா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்பதை நல்ல பொருளுக்கான சான்றாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய ஏமாற்றத்துக்கு வாசல்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2024 ஏப்ரலில் டெல்லி போலீசார் போலி ஏர்பேக் தயாரித்து விற்ற கும்பல் ஒன்றைப் பிடித்தார்கள். பல கார் கம்பெனிகளின் பெயரில் 900-க்கும் மேற்பட்ட ஏர்பேக்குகள் சிக்கின. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. ஒன்பது மாதங்களுக்குள் ஐந்து கார்களில், வெளிச்சந்தையில் வாங்கி மாட்டிய மட்டமான இன்ஃப்ளேட்டர்கள் மூன்று பேரைக் கொன்றிருந்தன; இன்னும் இரண்டு பேர் உருக்குலைந்துபோயிருந்தார்கள். அந்தக் கார்கள் ஏற்கனவே ஒரு விபத்தைச் சந்தித்து, ஏர்பேக் மாற்றப்பட்டவை. அடுத்த மோதலில் பை விரிவதற்குப் பதில் உலோகக் கூடு சிதறி, துண்டுகள் மார்பிலும் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. 2012-இலேயே அதே நிர்வாகம் போலி ஏர்பேக்குகளைச் சோதித்துப் பார்த்து, சில வெடிக்கவே இல்லை, சில உலோகச் சில்லுகளைக் கக்கின என்று சொல்லியிருந்தது. அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், பில் இல்லாமல், பெட்டியில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, கூரியரில் கடையத்துக்கு வந்து சேரும் ஒன்றின் பூர்வீகத்தை யார் சொல்வது? உள்ளே இருப்பது என்ன என்று கூரியர்காரரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அது அவ்வளவு சுலபமாக வந்துமிருக்காது.

நான் போலி வாங்கப்போவதில்லை, புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தையில் கம்பெனி ஒரிஜினலையே, வெடிக்காததாகப் பார்த்து வாங்குகிறேன் என்று ஒருவர் சொல்லலாம். வலுவான மறுப்புதான் இது. நல்ல ஸ்டீரிங் சட்டமும் கதவும் பம்பரும் அங்கேதான் கிடைக்கின்றன. ஆனால் ஏர்பேக்குக்கு இந்த நியாயம் பொருந்தாது என்பதற்கு ஜப்பானின் டகாடா கம்பெனியின் கதை போதும். டகாடா போலிக் கம்பெனி அல்ல. உலகின் பெரிய கார் கம்பெனிகள் பலவும் அதனிடம் வாங்கின. அம்மோனியம் நைட்ரேட்டை உந்துபொருளாக வைத்த அதன் இன்ஃப்ளேட்டர்களில், வருடக்கணக்கான சூடும் ஈரப்பதமும் சேர்ந்து வில்லைகளைச் சிதைத்தன. சிதைந்த மருந்து வேண்டியதைவிட வேகமாக எரிந்து உலோகக் கூட்டையே பிளந்தது. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி, அதில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. 2017 ஜூனில் கம்பெனி திவாலானது. முதலில் ஆபத்தான பகுதிகள் என்று குறிக்கப்பட்டவை புளோரிடா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ மாதிரியான சூடும் புழுக்கமும் சேர்ந்த இடங்கள். நம் தட்பவெப்பத்துக்கு நெருக்கமான மலேசியாவிலும் உயிர்கள் போயின. சித்திரை வெயிலில் காய்ந்து, ஆனி ஆடியில் குற்றாலச் சாரலில் நனைந்து, அருவியில் குளித்தவர்கள் ஈரத்துணியோடு ஏறி உட்கார்ந்து ஊர் திரும்பும் கார்கள் இவை. அம்மோனியம் நைட்ரேட்டுக்கு வேண்டாத சூழல் எதுவோ அதுதான் நம்முடையது. ஒரு கடையில் கிடக்கும் பழைய ஏர்பேக் எந்த ஊரில் எத்தனை வருடம் காய்ந்தது, வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து கழற்றியதா, திரும்பப் பெற வேண்டிய பட்டியலில் இருந்து தப்பித்து வந்ததா என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் எப்படித் தண்ணீரில் கிடந்தன என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கேள்வி மிகையாகத் தோன்றாது. டகாடா மாதிரி இல்லாமல் வேறு ரசாயனம் வைத்த நல்ல ஏர்பேக்குகளே மிகுதி, எல்லாம் கெட்டுப்போனவை அல்ல என்பதும் உண்மை. ஆனால் வாங்குபவருக்குப் பிரித்துப் பார்க்க வழி இல்லாதபோது மிகுதி என்பது என்ன ஆறுதல்?

இருப்பதை வைத்துச் சமாளிப்பது ஒன்றுமே இல்லாததைவிட மேல் அல்லவா என்பது அடுத்த மறுப்பு. வேறு எந்தப் பாகத்துக்கும் இது சரி; இங்கே மட்டும் தலைகீழ். சீட் பெல்ட் போட்ட ஓட்டுநரைப் பிடித்து நிறுத்தும் முதல் வேலையைப் பெல்ட் செய்கிறது. ஏர்பேக் அதற்குத் துணை. ஏர்பேக் இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டிருந்தால் ஸ்டீரிங்கில் முகம் அடிபடலாம், தலையில் பலத்த காயம் வரலாம். அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கெட்டுப்போன இன்ஃப்ளேட்டர், பெல்ட் காப்பாற்றியிருக்கக்கூடிய சிறு மோதலில்கூட ஆளைக் கொல்லும். மேலே சொன்ன அமெரிக்க மரணங்களைப் பற்றி அதிகாரிகள் சொன்னதும் இதுதான்: உயிர் பிழைக்க வாய்ப்பிருந்த விபத்துகள் அவை. ஆகவே தெரியாத ஏர்பேக்குக்கும் இல்லாத ஏர்பேக்குக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், இல்லாததை வைத்துக்கொண்டு பெல்ட்டை ஒழுங்காகப் போட்டு மெதுவாகப் போவதுதான் அறிவு. அதுவும் நல்லதை வாங்கும்வரைதான்.

மூன்றாவது மறுப்பு பணம். கம்பெனியின் புது ஏர்பேக்கின் விலையைக் கேட்டால் பழைய காரின் சொந்தக்காரர் எழுந்து போய்விடுவார். காப்பீடும் முழுக்கக் கைகொடுப்பதில்லை. இந்திய மோட்டார் காப்பீட்டு விதியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களோடு ஏர்பேக்கையும் சேர்த்து, கார் எவ்வளவு புதிதாக இருந்தாலும் 50 விழுக்காடு தேய்மானம் பிடிக்கிறார்கள். ஜீரோ டிப்ரிசியேஷன் சேர்த்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வயதான கார்களுக்கு அதைக் கொடுப்பதில் கம்பெனிகளுக்கு விருப்பம் குறைவு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்து ஓடும் காருக்கு ஒரு ரூபாயும் வராது. இதற்கு மேல், விபத்தில் பை வெடித்த காரில் பையை மட்டும் மாற்றினால் போதாது. கட்டுப்பாட்டுப் பெட்டி மோதல் பதிவைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனரும் அதே நேரத்தில் தன் மருந்தை எரித்து முடித்திருக்கும். முன்பக்க சென்சார்களைப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சில பழைய கார்களின் சந்தை விலையையே தொட்டுவிடும். பணத்தைப் பற்றிய இந்தப் புகாரை நான் மறுக்கவில்லை. ஆனால் இது வீட்டில் செய்வதா வெளியில் செய்வதா என்ற கேள்விக்கான பதில் இல்லை. கூலி இந்தக் கணக்கில் சின்னப் பங்கு. பொருளின் விலைதான் பெரிது. நாமே மாட்டுவதால் மிச்சமாவது கூலி மட்டுமே. பெரிய தொகை மிச்சமாகிறது என்றால் அது பொருளில்தான் மிச்சமாகிறது, அதாவது மிச்சப்படுத்தக் கூடாத இடத்தில்.

இந்தப் பணக்கணக்கிலிருந்துதான் எல்லாவற்றிலும் மோசமான தீர்வு பிறக்கிறது. பை வெடித்த இடத்தில் வெறும் மூடியை ஒட்டி, கனெக்டரில் ஒரு சிறு ரெசிஸ்டரைச் சொருகிவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி திரி இருப்பதாக நம்பிவிடும். “லைட்டு எரியாது அண்ணாச்சி, நிம்மதியா ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதைவிடக் குறுக்கு வழி, ஏர்பேக் விளக்கின் ஒயரை வேறொரு விளக்கோடு கோத்துவிடுவது. இரண்டாம் கை கார் வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு தனியாக எரிந்து, சில வினாடிகளில் தனியாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலோ, எஞ்சின் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தாலோ அந்த ஸ்டீரிங்கின் மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் ரெசிஸ்டர் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏர்பேக்கே இல்லாமல் வந்த கார்கள் தனி ரகம். இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில். முன்னிருக்கையில் பக்கத்தில் உட்காருபவருக்கும் கட்டாயமானது 2021-இல், பழைய மாடல்களுக்கு அந்த ஆண்டின் கடைசி நாள்வரை அவகாசம் தந்தார்கள். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் வெறும் ஸ்டீரிங்தான். டாப் மாடலின் ஸ்டீரிங்கை ஏர்பேக்கோடு வாங்கி இவற்றில் மாட்டுவது ஒரு வழக்கமாகவே பரவியிருக்கிறது. அழகு வரும், ஆடியோ பட்டனும் வரலாம். பாதுகாப்பு வராது. மோதலை அளக்கும் பெட்டியும் ஒயரிங்கும் இல்லாத காரில் அந்த ஏர்பேக் ஒரு வெடிமருந்துப் பொட்டலம் மட்டுமே. தேவையான நேரத்தில் பிரயோஜனம் இல்லை, கார் தீப்பிடித்தால் உபத்திரவம். இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஏர்பேக் உள்ள ஸ்டீரிங்கை எடுத்துவிட்டுப் பந்தயக் கார் ஸ்டீரிங் போடுபவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே காருக்கான அதே பாகத்தைப் புதிதாக மாற்றுவது இந்தச் சட்டத்தில் சிக்காது.

கம்பெனிகள் தரப்பில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. சர்வீஸ் புத்தகத்தைப் பொதுமக்கள் எளிதில் பெற முடிவதில்லை. உதிரிபாக கவுண்டரில் ஏர்பேக்கைத் தனியாகக் கேட்டால் பல இடங்களில் வண்டியைக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். கவனமாக வேலை செய்யும் ஊர் மெக்கானிக்கை, தன் கையால் செய்ய விரும்பும் சொந்தக்காரரை வெளிச்சந்தைக்குத் துரத்துவது இந்தக் கதவடைப்புதான். பில், வரிசை எண், கார் எண் மூன்றையும் பதிவுசெய்துகொண்டு நியாய விலையில் கவுண்டரில் விற்றால், பொருளின் பூர்வீகமும் தெரியும், போலிக்காரர்களின் வியாபாரமும் படுத்துவிடும். நம் மாநிலத்திலேயே ரானே குழுமத்தின் கூட்டு நிறுவனம் ஸ்டீரிங்கும் சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுத்துவந்திருக்கிறது. இங்கேயே செய்யப்படும் பொருள், பழைய கார்க்காரருக்கு மட்டும் எட்டாக்கனியாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

தீர்ப்பு என்று கேட்டால்: ஸ்டீரிங்கை மட்டும் மாற்றி, காரோடு வந்த ஏர்பேக்கையே திரும்ப மாட்டுவது, வீட்டில் செய்யலாம். கிளாக் ஸ்பிரிங் மாற்றுவது, செய்யலாம், நடுநிலையில் கவனம் வேண்டும். கம்பெனியில் பில்லோடு வாங்கிய புது ஏர்பேக்கை மாட்டுவது, கை பழகியவர் செய்யலாம். பழகாதவர் கூலியைக் கொடுத்துவிடட்டும், பொருளின் விலையோடு பார்த்தால் அது பெரிதில்லை. பழைய சந்தையிலோ இணையத்திலோ வாங்கிய ஏர்பேக், யார் மாட்டினாலும் வேண்டாம். விபத்தில் வெடித்த காரைப் பழையபடி ஆக்குவது வீட்டு வேலையே அல்ல. ஸ்டீரிங்கின் தோல் உரிந்தது மட்டும்தான் குறை என்றால் நட்டையே தொட வேண்டாம். ஊசி நூலால் தைக்கும் லெதர் உறை ஒன்று போதும், ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டாமல் இருந்தால் சரி.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டகாடா இன்ஃப்ளேட்டர்களுக்காக ஹோண்டா உள்ளிட்ட கம்பெனிகள் இந்தியாவிலும் கார்களைத் திரும்ப அழைத்தன. கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு என்று 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை அழைத்தது. இந்த அழைப்புக் கடிதங்கள் கம்பெனியின் பதிவில் இருக்கும் முகவரிக்குப் போகின்றன. மூன்றாம் கையாகக் காரை வாங்கிக் கடையத்தில் நிறுத்தியிருப்பவருக்கு அது வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணை எடுத்து, கார் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இணையம் தெரியாதவர்கள் அந்த எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் போனிலேயே கேட்கலாம். உங்கள் கார் பட்டியலில் இருந்தால், அது எத்தனையாவது கையாக இருந்தாலும் ஏர்பேக் பாகத்தைக் கம்பெனியே மாற்றித் தரும். பொருளுக்கும் கூலிக்கும் பணம் வாங்க மாட்டார்கள்.